பொருள்: கிரேலிஸ்டிங் – ‘மறுவருகைச் சோதனை’ எனலாமா?

அனைவருக்கும் வணக்கம்.

மன்னார்குடிப் பக்கம் ஓர் அரிசி ஆலைக்குச் சொந்த மின்னஞ்சல் வழங்கி (சர்வர்) நிறுவப் போகிறோம். திட்டக் குறிப்பைத் தமிழிலேயே எழுதுகிறேன். ஆலை முதலாளியும் கணக்குப் பிள்ளையும் அதைப் படித்துத்தான் எது வேண்டும், எது வேண்டாம் என்று முடிவு செய்வார்கள். வழங்கி, எரிதம் (வேண்டாத ஸ்பாம் அஞ்சல்), அஞ்சல் வரிசை என்ற சொற்கள் எல்லாம் சரி. எரிதத்தைத் தடுக்கும் ஒரு முறையான கிரேலிஸ்டிங்குக்குத் தமிழ்ச் சொல்தான் இடிக்கிறது. நீங்கள் சொன்ன சொற்களைப் பார்த்தேன்.

தஞ்சாவூர் அக்கா ‘சாம்பல் பட்டியல்’ என்றார். கருப்புப் பட்டியல், வெள்ளைப் பட்டியலோடு அது சேர்ந்து நிற்கும், உண்மைதான். ஆனால் ஆலையில் அதைப் படிப்பவர், நெல் வியாபாரி ஒருவரின் பெயர் ஏதோ சந்தேகப் பட்டியலில் ஏறிவிட்டது என்று பதறுவார். நடப்பது வேறு. ஈவன் ஹாரிஸ் 2003இல் முன்வைத்த முறை இது. அனுப்பும் வழங்கியின் ஐபி முகவரி, அனுப்புநர், பெறுநர் மூன்றும் சேர்ந்து புதிதாக வந்தால், நம் வழங்கி 450 அல்லது 451 என்று பதில் தரும். 4இல் தொடங்கினால் தற்காலிக மறுப்பு, 5இல் தொடங்கினால் நிரந்தர மறுப்பு. ஒழுங்கான வழங்கி அஞ்சலைத் தன் வரிசையில் வைத்திருந்து, கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கொண்டுவரும். எரிதம் அனுப்பும் நிரல்கள் பலவும் அப்படித் திரும்பி வருவதில்லை. இந்தச் செயல் பெயரிலேயே தெரிய வேண்டும், நிறம் தெரிந்து பயனில்லை.

திருவாரூர் அண்ணன் சொன்ன ‘முறைவைப்பு’ நம்ம ஊர்ச் சொல், எனக்கு ரொம்பப் பிடித்தது. ஆனால் ஆற்றில் முறை வைத்துத் தண்ணீர் விடும்போது கடைமடைக்காரருக்கும் தன் முறை எப்போது என்று தெரியும். இங்கே அப்படி எந்த முறையும் ஒதுக்கப்படுவதில்லை. மறுபடி வந்தவருக்குத்தான் கதவு திறக்கும்.

இன்னொரு நண்பரின் ‘மறுவரவு’ நெருங்கி வந்துவிட்டது. ஆனால் வரவு–செலவு எழுதும் கணக்குப் பிள்ளை அதைப் பணம் என்றே எடுத்துக்கொள்வார். அதனால் ‘மறுவருகைச் சோதனை’ என்கிறேன். கிளைச்சொற்களும் எளிதாக வருகின்றன: மறுவருகை இடைவெளி, மறுவருகை விலக்கு.

சிலருக்கு இந்தச் சோதனையிலிருந்து விலக்கு கட்டாயம் வேண்டும். இந்தச் சோதனையைச் செய்யும் போஸ்ட்கிரே நிரலில், மறுபடி வருவதற்கு முன் காத்திருக்க வேண்டிய இடைவெளி இயல்பாக 300 நொடி. அனுப்பும் வழங்கி அரை மணி நேரம் கழித்து வந்தால் தாமதமும் அவ்வளவு ஆகும். அதற்குள் வங்கி அனுப்பிய ஓடிபி காலாவதியாகிவிடும். பெரிய அஞ்சல் சேவைகள் இரண்டாம் முறை வேறு ஐபியிலிருந்து வருவதும் உண்டு, அப்போது அதுவும் புதிதாகவே தெரியும்.

குறிப்பில் இப்போதைக்கு இப்படி எழுதியிருக்கிறேன்: “புதிய அனுப்புநரின் முதல் அஞ்சல் மறுவருகைச் சோதனைக்கு உட்படும், சிறிது தாமதமாகலாம். வங்கிகளுக்கு மறுவருகை விலக்கு உண்டு.” கணினி தெரியாத ஒருவரிடம் இதைப் படித்துக் காட்டி, அவருக்கு என்ன புரிந்தது என்று எழுதுங்கள், தஞ்சாவூர் அக்கா.