+91 80ன்னு ஆரம்பிச்சா அது மொபைலா, லேண்ட்லைனா? எஸ்டிடி கோடு ஏன் ஊருக்கு ஊர் நீளம் மாறுது?

பொள்ளாச்சிப்பையன்:
நண்பர்களே ஒரு சந்தேகம். காலைல +91 80 4ன்னு ஆரம்பிச்சு ஒரு மிஸ்டு கால், பார்க்க மொபைல் நம்பர் மாதிரியே பத்து டிஜிட், திருப்பி அடிச்சா பெங்களூர்ல ஏதோ ஆபீஸ் ரிசப்ஷன் எடுக்குது. என் ஃப்ரெண்டு நம்பரும் 80லதான் ஆரம்பிக்குது, 8056, ஆனா அது மொபைல். ரெண்டும் எப்படி குழம்பாம போகுது? அப்படியே இன்னொண்ணு, சென்னைக்கு 044, எங்க ஊருக்கு மட்டும் ஏன் 04259ன்னு இவ்ளோ நீளம்? கணக்கு ஏதாவது இருக்கா இல்ல கைக்கு வந்தத கொடுத்துட்டாங்களா?

ரிட்டயர்டு_ஜேடிஓ:
கணக்கு இருக்கு தம்பி, அதுவும் ரொம்ப அழகான கணக்கு. முதல்ல அந்த 0வ எடுத்துருங்க, அது கோடுல சேராது, வெளியூர் கால் வருதுன்னு எக்ஸ்சேஞ்சுக்கு சொல்றதுக்குத்தான் அது, அதனாலதான் +91 போட்டா 0 போடக்கூடாதுன்னு சொல்றோம். மீதிய எண்ணுங்க. சென்னை 44, பின்னாடி 8 டிஜிட். கோவை 422, பின்னாடி 7. பொள்ளாச்சி 4259, பின்னாடி 6. எதக் கூட்டினாலும் 10தான். பெரிய ஊருக்கு கனெக்‌ஷன் நிறைய வேணும், அதனால கோட சுருக்கி நம்பருக்கு இடம் விட்டாங்க. 6 டிஜிட்ல கணக்குப்படி 10 லட்சம் நம்பர்தான் வரும், 8 டிஜிட்ல 10 கோடி (இதுல 0, 1ல ஆரம்பிக்கறதெல்லாம் கழிஞ்சுரும், 1 வந்து 108, 112 மாதிரி சர்வீஸுக்கு).

இன்னொரு விஷயம், 44ன்னு சென்னைக்கு கொடுத்தாச்சுன்னா 441, 442ன்னு வேற எந்த ஊருக்கும் கொடுக்க முடியாது, ஏன்னா எக்ஸ்சேஞ்ச் ஒவ்வொரு டிஜிட்டா வாங்கிக்கிட்டே வரும், 44 வந்த உடனே சென்னைன்னு முடிவு பண்ணிரும். அதே மாதிரி 422 கோவைக்கு போனதால 4221 கிடையாது. ஆனா 425 தனியா எந்த ஊருக்கும் இல்ல, அதனால அதுக்குக் கீழ 4252 உடுமலை, 4258 தாராபுரம், 4259 உங்க ஊருன்னு பிரிச்சுக் கொடுக்க முடிஞ்சுது. இப்படி கோடு வாங்கின ஒவ்வொரு ஏரியாவையும் எஸ்டிசிஏன்னு சொல்வாங்க, கிட்டத்தட்ட ஒரு தாலுகா அளவு இருக்கும், நாடு முழுக்க 2,600க்கு மேல.

நெல்லை_நெட்வொர்க்:
சார் அருமையா சொல்லிட்டாரு, நான் அந்த 80 விஷயத்த சொல்றேன். மூணாவது டிஜிட்ட பாருங்க ப்ரோ. லேண்ட்லைன் நம்பரோட முதல் டிஜிட்டே எந்த கம்பெனின்னு சொல்லும், பிஎஸ்என்எல்னா 2, ஏர்டெல்னா 4. அதனால 80க்கு அப்புறம் 2ஓ 4ஓ வந்தா அது பெங்களூர் லேண்ட்லைன். உங்க ஃப்ரெண்டுக்கு 80க்கு அப்புறம் 5, அது மொபைலுக்கு விட்ட சீரிஸ். அகமதாபாத்துக்கும் (79) இதே கதைதான். சென்னைக்கு இந்தக் குழப்பமே வராது, மொபைல் எல்லாம் 6, 7, 8, 9லதான் ஆரம்பிக்கும், அதனால +91 44ன்னு பார்த்தாலே லேண்ட்லைன்னு கண்ண மூடிக்கிட்டு சொல்லலாம்.

பொள்ளாச்சிப்பையன்:
ஆஹா இப்பதான் புரியுது, ரொம்ப நன்றி சார், நன்றி ப்ரோ. அப்ப மொபைல்லயும் முதல் நாலு டிஜிட் பார்த்து எந்த ஊரு எந்த கம்பெனின்னு சொல்லிரலாமா? அப்புறம் ஆளுக்கு ரெண்டு சிம் வச்சிருக்காங்களே, பத்து டிஜிட் தீர்ந்து போகாதா?

நெல்லை_நெட்வொர்க்:
முன்னாடி சொல்லலாம். 9443ன்னா தமிழ்நாடு பிஎஸ்என்எல், 9840ன்னா சென்னை ஏர்டெல், 9841ன்னா சென்னை ஏர்செல். 2011 ஜனவரில போர்ட்டபிலிட்டி, அதாவது நம்பர மாத்தாம கம்பெனிய மட்டும் மாத்திக்கற வசதி, நாடு முழுக்க வந்ததுக்கு அப்புறம் அத நம்ப முடியாது. ஏர்செல்லே 2018ல மூடிட்டாங்க, அந்த 9841 நம்பர்லாம் இன்னிக்கு வேற வேற கம்பெனில ஓடிக்கிட்டு இருக்கு. நம்பர் முதல்ல எங்க பிறந்துச்சுன்னு வேணா சொல்லலாம், இப்ப எங்க இருக்குன்னு சொல்ல முடியாது.

ரிட்டயர்டு_ஜேடிஓ:
தீர்ந்து போறது பத்தி கேட்டீங்க, நல்ல கேள்வி. 11 டிஜிட் ஆக்கினா நாட்டுல இருக்கற ஒவ்வொரு போன், சாஃப்ட்வேர், பேங்க் ஃபாரம் எல்லாத்தையும் மாத்தணும், அத எப்பாடு பட்டாவது தவிர்க்கணும்ங்கறதுதான் என் கருத்தும். ரெண்டு வழி பண்ணிருக்காங்க. ஒண்ணு, வண்டில வைக்கற ஜிபிஎஸ், ஸ்வைப்பிங் மெஷின் மாதிரி மெஷினுக்கு மெஷின் பேசற சிம்முக்கு 2018ல இருந்து 13 டிஜிட் நம்பர், அதனால மனுஷங்க நம்பர்ல அது கை வைக்காது. ரெண்டாவது, 2021 ஜனவரி 15ல இருந்து லேண்ட்லைன்ல இருந்து எந்த மொபைலுக்கு அடிச்சாலும் முன்னாடி 0 போடணும். அதுக்கு முன்ன லோக்கல் மொபைலுக்கு 0 தேவையில்ல, அதனால முதல் டிஜிட்ட வச்சே இது லோக்கல் லேண்ட்லைனா மொபைலான்னு எக்ஸ்சேஞ்ச் பிரிச்சாகணும், லேண்ட்லைன் ஆரம்பிக்கற டிஜிட்டுல மொபைல் ஆரம்பிக்க முடியாது. 0 வந்தாச்சுன்னா அந்த சிக்கல் இல்ல, அடைபட்டுக் கிடந்த சீரிஸ் எல்லாத்தையும் மொபைலுக்கு திறந்து விடலாம், சுமார் 250 கோடி நம்பர் கிடைக்கும்னு கணக்கு போட்டாங்க. உங்க வீட்டுல லேண்ட்லைன் இருந்தா 0 போடாம மொபைலுக்கு அடிச்சுப் பாருங்க, 0 சேர்த்து டயல் பண்ணச் சொல்லி அறிவிப்பு வரும்.