புட்டிக்கழுத்தா, ஒடுங்குகழுத்தா? ஒரு தோட்டாவுக்குப் பெயர்

மொழிபெயர்ப்பாளர்:

அன்புள்ள நண்பர்களுக்கு,

படைக்கலன்களைப் பற்றிய கலைக்களஞ்சியக் கட்டுரை ஒன்றைத் தமிழாக்கி வருகிறேன். வெள்ளிக்கிழமைக்குள் ஒப்படைக்க வேண்டும். இரண்டு நாளாக ஒரே சொல்லில் நின்றுகொண்டிருக்கிறேன். கைத்துப்பாக்கித் தோட்டாக்களில் ஒருவகை, அடியில் பருத்து, மேலே தோள்போலச் சரிந்து, அதற்கும் மேலே ஒடுங்கிய கழுத்தில் குண்டைக் கவ்வியிருக்கும். ஆங்கிலத்தில் இதைப் 'பாட்டில்நெக்' என்கிறார்கள். என்னிடமுள்ள சொற்பட்டியல்களில் அச்சொல்லுக்கு 'இடையூறு', 'தடை' என்றே இருக்கிறது. போக்குவரத்துக்கும் உற்பத்திக்கும் அது பொருந்தலாம். 'இடையூறுத் தோட்டா' என்று எழுதினால், படிப்பவர் அதைத் துப்பாக்கியில் சிக்கிக்கொள்ளும் தோட்டா என்றே எண்ணுவார். உண்மை அதற்கு நேர்மாறானது. சிக்காமல் ஏறுவதுதான் இந்த வடிவத்தின் முதல் நன்மை.

கட்டுரை முழுவதும் இத்தோட்டாவின் நன்மை தீமைகளைச் சீர்தூக்குகிறது. ஆகவே கழுத்து, தோள், வாய் ஆகியவற்றைத் தனித்தனியே சுட்ட இடம்தரும் பெயராக இருக்க வேண்டும். 'புட்டிக்கழுத்துத் தோட்டா' என்பது என் முன்மொழிவு. 'செமி ஆட்டோமேட்டிக்' என்பதற்கு 'அரைத்தானியங்கி' என்று இட்டிருக்கிறேன். அதிலும் எனக்கு நிறைவில்லை.

தமிழாசிரியர்:

'புட்டி' ஆங்கிலச் சொல்லின் திரிபு. பாட்டிலை வாசலில் நிறுத்திவிட்டுப் புட்டியை உள்ளே அழைப்பதால் தமிழுக்கு என்ன ஆக்கம்? கழுத்துக்கு நம்மிடம் 'மிடறு' உண்டு. புறநானூற்றின் கடவுள் வாழ்த்திலேயே 'கறைமிடறு' வருகிறது. 'ஒடுங்குமிடற்றுத் தோட்டா' என்றால் செறிவாகவும் இருக்கும், வடிவத்தையும் சொல்லும். 'மிடறு' கடினம் என்பீர்களானால் 'ஒடுங்குகழுத்து' எனலாம். அது வினைத்தொகை, வல்லினம் மிகாது. 'ஒடுங்கழுத்து' என்று சுருக்கிவிட வேண்டாம், ஒடுங்கும் தொழில் அதில் மறைந்துபோகும்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். 'தோட்டா'வை அயற்சொல் என்று பலர் ஒதுக்குகிறார்கள். கணை தொடுத்தல் என்னும் வழக்கிலுள்ள 'தொடு' முதல்நீண்டு 'தோடு' என்றாகி, அதிலிருந்து 'தோட்டா' பிறந்திருக்கலாம் என்பது என் நெடுநாளைய கருத்து.

தடயவியல் ஆய்வாளர்:

தெலுங்கில் இதே பொருளில் 'தூட்டா' இருக்கிறது. அக்கம்பக்கத்து மொழிகள் பகிர்ந்துகொண்ட சொல்லாகவே எனக்குப் படுகிறது; 'தொடு'விலிருந்து அதைப் பெறுவதற்கு ஒலியொப்புமை மட்டும் போதாது, ஐயா. சொல்லை விட்டுப் பொருளைக் கொஞ்சம் பார்ப்போம்.

கழுத்தில்லாத .40 எஸ் அண்ட் டபிள்யூ தோட்டாவின் உறை (குண்டையும் வெடிமருந்தையும் தாங்கும் உலோகக் கூடு) ஒன்றையும், கழுத்துள்ள .357 சிக் ('சிக்' என்பது நிறுவனப் பெயர்) தோட்டாவின் உறை ஒன்றையும் அருகருகே வைத்து அளந்தேன். இரண்டின் அடிக்கும் குறுக்களவு ஏறத்தாழ 10.8 மில்லிமீட்டர். முதலாவது அப்படியே நேராக மேலேறி முடிகிறது. இரண்டாவது பெரும்பகுதி நேராக ஏறி, சட்டென்று சரிந்து, கழுத்தில் 9.7 மில்லிமீட்டராகிறது. நகத்தை அடியிலிருந்து மேல்நோக்கி இழுத்தால், தோளில் அது வழுக்கி இறங்குவதை உணரலாம். குறைவது ஒரு மில்லிமீட்டர்தான் என்றாலும், நன்மை தீமை எல்லாம் அந்த ஒரு மில்லிமீட்டரிலிருந்தே வருகின்றன.

9 மில்லிமீட்டர் அகலமுள்ள குண்டின் முனை, அதைவிட நன்கு அகன்ற, துப்பாக்கிக்குள் தோட்டா வெடிக்கும் அறைக்குள் நுழைகிறது. சற்றே கோணலாக வந்தாலும் முட்டாமல் உள்ளே வழிந்துவிடும். நேருறைத் தோட்டாவுக்கு அந்தச் சலுகை குறைவு. உறையின் வயிறு பெரிது, ஆகவே வெடிமருந்தும் மிகுதி. 9 மில்லிமீட்டர் பாராபெல்லத்துக்கு வகுத்த அழுத்த உச்சவரம்பு சதுர அங்குலத்துக்கு 35,000 பவுண்டு; .357 சிக்குக்கு 40,000. ஏறத்தாழ 8 கிராம் குண்டை நொடிக்கு 410 மீட்டர் அளவில் செலுத்துகிறது. அதே எடையில் 9 மில்லிமீட்டர் 350 அளவில் நிற்கும்.

தீமைகளும் அங்கிருந்தே. அடி பருத்திருப்பதால் ஒரே அளவுத் துப்பாக்கியில் தோட்டாக்கள் குறைவாகவே அடங்கும்: 9 மில்லிமீட்டர் சுடும் குளோக் 17-இல் 17, அதே உடலளவில் .357 சிக் சுடும் குளோக் 31-இல் 15. வெடியோசையும் முகப்பொளியும் கூடுதல். உறைகளை மறுபடி நிரப்புவோருக்கு, நேருறையைக் கார்பைடு அச்சில் எண்ணெய் தடவாமலே திருத்த முடியும். தோளுள்ள உறைக்குத் தடவியாக வேண்டும். எல்லாவற்றையும்விட எனக்குக் கவலை தருவது .357 சிக்கின் கழுத்து. அது 4 மில்லிமீட்டர்கூட நீளமில்லை. இவ்வளவு குட்டையான கழுத்தால் குண்டை இறுகப் பிடிப்பது கடினம். ஒரே தோட்டாவைத் திரும்பத் திரும்ப அறையில் ஏற்றி இறக்கினால் குண்டு பின்னுக்கு அமிழக்கூடும், அழுத்தமும் அபாயமாக உயரக்கூடும்.

இதனால்தான் 'குறுங்கழுத்து' என்று யாரும் முன்மொழியாதிருக்க வேண்டுகிறேன். குறுமை இங்கே குறைபாட்டின் பெயர், வகையின் பெயரன்று. 1896-இல் வந்த மவுசர் துப்பாக்கியின் 7.63 மில்லிமீட்டர் தோட்டாவும் அதன் வழிவந்த சோவியத் டோக்கரெவ் தோட்டாவும் இவ்வகையைச் சேர்ந்தவையே. அவற்றின் கழுத்து இதைவிட நீண்டது.

ஈழ வழக்கறிந்த நண்பர்:

ஐயா, எங்கள் பக்கம் வழங்கும் சொற்களையும் எண்ணிப் பாருங்கள். வெளியேறிப் பாய்வது 'சன்னம்'. சுட்டபின் தரையில் கிடப்பது 'வெற்றுக்கோது'. தோட்டாக்கள் அடுக்கப்படுவது 'ரவைக்கூடு'. கழுத்து உண்மையில் கோதுக்கே உரியது. சன்னம் போனபின்னும் கழுத்து அங்கேயே நிற்கிறது. 'தோட்டா' என்ற ஒரே சொல்லால் முழுப்பொருளையும் குண்டையும் சுட்டுவது நாளிதழ்களின் வழக்கம். கலைக்களஞ்சியத்துக்கு அது ஆகாது.

நிகண்டு ஆர்வலர்:

ஆசிரியர் ஐயா 'புட்டி'யை அவ்வளவு எளிதில் ஒதுக்கிவிடக் கூடாது. 'புட்டில்' பழந்தமிழ்ச் சொல், அம்பறாத்தூணியைக் குறிக்கும். விரலுக்கு இடும் உறையை 'விரற்புட்டில்' என்றார்கள். ஒன்றை உள்ளடக்கிக் காக்கும் உறை என்பதே அடிப்பொருள். அம்பைத் தாங்கியது புட்டில், குண்டைத் தாங்குவது புட்டி. இதைவிடப் பொருத்தமான வேர் கிடைக்குமா?

தமிழாசிரியர்:

அம்பறாத்தூணிக்குத் திறந்த வாய் உண்டு, ஒடுங்கிய கழுத்து இல்லை. நமக்கு வேண்டியது கழுத்து. 'புட்டில்' தமிழ் என்பதை ஏற்கிறேன். அதனால் 'புட்டி' தமிழாகிவிடாது.

தடயவியல் ஆய்வாளர்:

பெயர் பொருளை முழுவதும் சொல்லித் தீர வேண்டும் என்று வற்புறுத்த வேண்டியதில்லை. 1994-இல் வந்த .357 சிக்கின் குண்டு உண்மையில் .355 அங்குலம். பழைய .357 மேக்னத்தின் ஆற்றலை நினைவூட்டவே அந்த எண்ணைச் சூட்டினார்கள், பெயரும் நிலைத்துவிட்டது. பயிற்சி வகுப்பில் 'புட்டிக்கழுத்து' என்றவுடன் மாணவர் கை தானாகவே ஒரு புட்டியின் வடிவத்தைக் காற்றில் வரைகிறது. 'ஒடுங்குமிடறு' என்றால் கரும்பலகையில் நான்தான் வரைய வேண்டியிருக்கிறது.

'அரைத்தானியங்கி'யைத்தான் நான் மறுக்கிறேன். இத்துப்பாக்கி தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்கிறது, அவ்வேலையை முழுமையாகச் செய்கிறது; விசையை ஒருமுறை இழுத்தால் ஒருமுறைதான் சுடும். இதில் அரை என்பது எது? 'தன்னாட்சி', 'தன்னிறைவு' போலத் 'தன்னேற்றி' என்று வைத்தால் தொழில் நேராகப் புலப்படும். கழுத்தின் நன்மை ஏறும் கணத்தில் வெளிப்படுவதால், 'தன்னேற்றி'யும் 'புட்டிக்கழுத்து'ம் ஒரே தொடரில் நன்றாகவே இணங்குகின்றன.

மொழிபெயர்ப்பாளர்:

அனைவருக்கும் நன்றி. ஆய்வாளரும் நிகண்டு நண்பரும் 'புட்டிக்கழுத்து'ப் பக்கம் நிற்கிறீர்கள்; ஆசிரியர் ஐயா மட்டும் 'ஒடுங்குகழுத்து' என்கிறார். 'மிடறு' ஆசிரியர் ஐயாவோடு நின்றுவிட்டது. தலைப்பில் 'தன்னேற்றிக் கைத்துப்பாக்கிக்கான புட்டிக்கழுத்துத் தோட்டா' என்று இடுகிறேன். உள்ளே உறைக்குக் 'கோது', பாய்வதற்குச் 'சன்னம்', அடுக்குக்கு 'ரவைக்கூடு' என்று எழுதி, முதல் பத்தியிலேயே விளக்கிவிடுகிறேன்.

'தோள்' என்ற சொல்லை எவரும் மறுக்காதது எனக்குப் பெரிய உதவி. மவுசர் தோட்டா அறைக்குள் எவ்வளவு ஆழம் போய் நிற்கும் என்பதைத் தோள் முடிவுசெய்கிறது, 9 மில்லிமீட்டரில் கோதின் வாய் முடிவுசெய்கிறது என்ற பத்தி இதுவரை எனக்கு வசப்படாமலே இருந்தது. துப்பாக்கி வடிவமைப்பாளர் லூகர் தம் 7.65 மில்லிமீட்டர் தோட்டாவின் கழுத்தை விரித்து 1902 அளவில் 9 மில்லிமீட்டரை உண்டாக்கிய வரலாறும் இப்போது ஒரே வாக்கியத்தில் அமைந்துவிட்டது: 'கழுத்தை விரித்தார்; தோள் மறைந்தது.'

தமிழாசிரியர்:

வெள்ளிக்கிழமையை முன்னிட்டு இசைகிறேன். மறுப்பு மறுப்பாகவே இருக்கட்டும். 'தன்னேற்றி'யை முழுமனத்துடன் ஏற்கிறேன். இன்றைய நீள்துப்பாக்கித் தோட்டாக்களில் பெரும்பாலானவை கழுத்துள்ளவை. அந்தக் கட்டுரை உங்கள் கைக்கு வரும்போது இச்சொல் பக்கத்துக்குப் பத்துமுறை வரும். 'ஒடுங்குகழுத்'தை அப்போது மீண்டும் எழுப்புவேன்.