அம்மாவின் சி.டி. ஸ்கேனில் 4 மி.மீ. புள்ளி: அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். அம்மாவுக்கு 58 வயது. இடது மார்பகப் புற்றுநோய்க்கு ஆபரேஷன், கீமோ, ரேடியேஷன் எல்லாம் 2023-ல் முடிந்தது. இப்போது எடுத்த சி.டி.யில் வலது நுரையீரலின் கீழ்ப்பக்கம் 4 மி.மீ. நாட்யூல் (சின்ன உருண்டைப் புள்ளி) என்று போட்டிருக்கிறது. கல்லீரலில் சின்ன நீர்க்கட்டி, அதை விட்டுவிடலாம் என்றார் டாக்டர். இடது நுரையீரல் மேல்நுனியில் உள்ள தழும்பு ரேடியேஷனால் வந்ததாம். சரி, அவை இரண்டும் புரிகிறது.

இந்த நாட்யூல்தான் தூங்கவிடவில்லை. அம்மாவுக்குச் சின்ன வயதில் டிபி இருந்தது. ஆறிய டிபி இப்படிப் புள்ளியாகத் தங்கிவிடும், முழுக்கக் கால்சியம் படிந்திருந்தால் பெரும்பாலும் பயமில்லை என்கிறார்கள். ஆனால் ரிப்போர்ட்டில் கால்சியம் பற்றிப் பேச்சே இல்லை. இவ்வளவு சின்னதை பெட் ஸ்கேன் (புற்றுநோய் இருக்கும் இடத்தைத் தேடும் ஸ்கேன்) நம்பகமாகக் காட்டாது, ஊசி போட்டுச் சோதனைக்குத் திசு எடுப்பதும் கஷ்டம், அதனால் 3 மாதம் கழித்து மறுபடி சி.டி. என்று டாக்டர் சொல்லிவிட்டார். அம்மா ரிப்போர்ட்டைத் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டு, அந்த ஒரு வரியையே திரும்பத் திரும்பப் படிக்கிறார்.

இதே நிலையில் இருந்தவர்களுக்கு எத்தனை மாத இடைவெளி சொன்னார்கள்? சிகிச்சைக்கு முன் எடுத்த பழைய சி.டி. படங்கள் கையில் இருக்கின்றன. அப்போதே இந்தப் புள்ளி இருந்ததா என்று ஒப்பிட்டு எழுதித் தரும்படி ரேடியாலஜிஸ்டிடம் நாமே நேரில் கேட்கலாமா, இல்லை டாக்டர் கடிதம் வேண்டுமா?