மலாவியில் மூன்று மாதம்: ஒரு கொத்தனாரின் அனுபவம்

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். மிஷன் களத்தில் கட்டட வேலைக்குப் போனவர்கள் எழுதச் சொல்லிக் கேட்டிருந்தீர்கள். நான் பழைய வண்ணாரப்பேட்டை. முப்பது வருஷமாகக் கொத்தனார் வேலை, அதில் கடைசிப் பன்னிரண்டு வருஷம் மேஸ்திரி. எங்கள் சபை தாங்குகிற ஒரு மிஷனரி குடும்பம் ஆப்பிரிக்காவில் மலாவி நாட்டின் வடக்கே, முசூசு நகரத்தைத் தாண்டி உள்ளே தள்ளிய ஒரு கிராமத்தில் இருக்கிறது. அங்கே கிளினிக்கில் வேலை செய்யும் நர்ஸ் தங்குவதற்கு இரண்டு அறை வேண்டும் என்று மிஷனரி அண்ணன் எழுதியிருந்தார். சபையார் டிக்கெட் எடுத்துக் கொடுத்தார்கள். ஆகஸ்டு கடைசியில் போய் நவம்பர் கடைசியில் திரும்பினேன்.

அந்த மாதங்களைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் மழை. நவம்பரில் பிடித்தால் ஏப்ரல் வரை இருக்கும். அதற்குள் செங்கல் அறுத்து, காயவைத்து, சுட்டு, சுவர் எழுப்பி, கூரையும் போட்டாக வேண்டும். செங்கல் லாரியில் வந்து இறங்காது. பக்கத்திலேயே மண் வெட்டி, மர அச்சில் அறுத்து, காய்ந்த கல்லையே சூளையாக அடுக்குகிறார்கள். அடியில் விறகு தள்ளச் சுரங்கம் போல வழி விட்டு, வெளிப்பக்கம் முழுக்கச் சேறு பூசி, இரவு பகலாக எரிக்கிறார்கள். நம் வேப்பேரிக்குப் பக்கத்தில் சூளை என்று ஒரு பேட்டையே இருக்கிறது. அங்கே இப்போது பெயர் மட்டும்தான் மிச்சம். நான் எத்தனையோ வீடு கட்டியிருக்கிறேன், ஆனால் ஒரு கல் சுடப்படுவதை முழுசாகப் பார்த்தது மலாவியில்தான்.

அங்கே என்னோடு வேலை செய்தவர் ஒரு வயதான கொத்தனார். எல்லாரும் அவரை அதாதா என்பார்கள், தும்புகா மொழியில் அப்பா என்று அர்த்தம். எனக்கும் அவர் அதாதாதான். சுவர் மூன்று வரி எழும்பியதும், நம் ஊர் வழக்கப்படி காலையும் மாலையும் நன்றாகத் தண்ணீர் விடச் சொன்னேன். குடம் குடமாக வந்தது. நாலாவது நாள் மிஷனரி அக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “அண்ணே, அந்தத் தண்ணி அடிபம்புல இருந்து அரைமணி நேரம் நடந்து அந்தப் பொம்பளைங்க தலையில சுமந்து வர்றது. வீட்டுக்குக் கொண்டுபோற தண்ணியத்தான் இங்க ஊத்துறாங்க” என்றார். எனக்கு நெஞ்சு அடைத்துவிட்டது. தண்ணீர் லாரிக்காகக் குடத்தை வரிசையில் போட்டுவிட்டு விடிய விடிய காத்திருந்த அம்மாவின் பிள்ளை நான். கேட்டுவிட்டு அல்லவா ஆரம்பித்திருக்க வேண்டும்?

அன்றே அதாதாவிடம் போய், நீங்கள் எப்படிச் செய்வீர்கள் என்று கேட்டேன். கல்லை ஒரு வாளியில் முக்கி எடுத்து வைத்தார். வெயில் தாழ்ந்த பிறகு கட்டினார். கட்டிய சுவர்மேல் ஈரப்புல்லைப் பரப்பி பிளாஸ்டிக் தாளால் மூடினார். தண்ணீர் கால்வாசிதான் செலவானது. கதவு நிலைகளுக்குப் பழைய இன்ஜின் ஆயில் பூசச் சொன்னதும் அவர்தான். அதற்கு முன்பே தரையில் சாய்த்து வைத்திருந்த ஒரு நிலையைக் கரையான் பத்தே நாளில் அடியோடு தின்றுவிட்டிருந்தது.

அண்ணன், அக்காவின் அன்றாடத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். இங்கே நாம் காணிக்கை போடும்போது பிரசங்கமும் ஞானஸ்நானமும்தான் மனதில் வருகிறது. அங்கே பொழுதில் பாதி தண்ணீர் காய்ச்சுவதிலும், கரண்ட் வரும்போது போனுக்குச் சார்ஜ் போடுவதிலும், வாசலில் வருகிறவர்களிடம் நலம் விசாரிப்பதிலும் போகிறது. அந்த ஊரில் விசாரிக்காமல் நேரே விஷயத்துக்குப் போனால் மரியாதைக் குறைவு. சாப்பாடு என்சிமா, வெள்ளைச் சோளமாவில் கிண்டிய களி. நம் கேழ்வரகுக் களி சாப்பிட்டவர்களுக்கு இரண்டு நாளில் பழகிவிடும். மலாவி ஏரியில் உசிபா என்று ஒரு பொடிமீன் கிடைக்கிறது, காயவைத்து விற்கிறார்கள், பார்க்க நெத்திலிக் கருவாடுதான். நான் கொண்டுபோன புளியும் குழம்புத்தூளும் போட்டு அக்கா ஒருநாள் குழம்பு வைத்தார். காசிமேட்டு வாசனை! அக்கா சாப்பிடாமல் கொஞ்ச நேரம் தட்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

ஒரு சனிக்கிழமை லிவிங்ஸ்டோனியாவுக்குக் கூட்டிப்போனார்கள். ஸ்காட்லாந்து ஃப்ரீ சர்ச் 1875-இல் தொடங்கிய மிஷன் அது. முதலில் ஏரிக்கரையில் கேப் மெக்லியரில் இருந்தார்கள், மலேரியாவில் பலர் செத்தார்கள். பண்டாவேக்கு மாறி, கடைசியில் 1894-இல் டாக்டர் ராபர்ட் லாஸ் தலைமையில் மலைமேல் ஏறினார்கள். 1888-இல் டாக்டர் மெட்டில்டா மெக்ஃபெயிலை நம் சென்னைக்கு அனுப்பியதும் அதே சபைதான். அவர் தொடங்கிய வைத்தியத்திலிருந்து வளர்ந்ததுதான் ரெய்னி ஆஸ்பத்திரி. நான் பிறந்தது அங்கே. இதை அதாதாவிடம் சொன்னேன். அவர் ஒரு பழைய சுவரைத் தடவிப் பார்த்துவிட்டு, “இந்தக் கல்லைச் சுட்டது எங்கள் ஆட்கள்” என்றார். அண்ணன்தான் மொழிபெயர்த்தார். ராயபுரம் ராயப்பர் கோவிலைக் கட்டியது நம் படகோட்டிகள் என்று சின்ன வயதில் என் தாத்தா சொல்வதும் அதே குரலில்தான் இருக்கும்.

நவம்பர் இரண்டாவது வாரம் தகரக் கூரை ஏறியது. ஐந்து நாள் கழித்து மழை வந்தது, ஒழுகவில்லை. நர்ஸ் இப்போது அங்கேதான் இருக்கிறார். மட்டம் பார்க்கும் என் ரசமட்டத்தை அதாதாவிடம் கொடுத்துவிட்டு வந்தேன்.

அடுத்த வருஷம் அதே இடத்தில் ஒரு வகுப்பறை எழும்புகிறது. சோலார் வயரிங் தெரிந்த எலக்ட்ரீஷியன் ஒருவர் தேவை. ஆகஸ்டிலிருந்து மூன்று மாதம் ஒதுக்க முடிந்தவர்கள் எனக்கு எழுதுங்கள். அதாதாவிடம் என்ன கேட்க வேண்டும் என்பதை நான் முன்கூட்டியே சொல்லி அனுப்புகிறேன்.