கறுப்பினச் சிறுமியின் கதைக்கு எந்தக் கோட்பாடு?

காரைக்குடி மாணவி: முதுகலை ஆங்கிலத்தில், ஆஞ்சி தாமஸின் ‘தி ஹேட் யூ கிவ்’ (2017) நாவலைப் பற்றிக் கட்டுரை எழுதுகிறேன். மார்க்சியம், பெண்ணியம் இரண்டையும் சேர்க்கலாமா?

தேவகோட்டை ஆசிரியர்: இரண்டையும் திணிக்காதீர்கள், அம்மா. அமெரிக்கக் கறுப்பினச் சிந்தனையாளர் டு பாய்ஸ் 1903இல் வெளியான தம் நூலில் விளக்கிய ‘இரட்டை உணர்வு’, அதாவது தன்னையே பிறர் கண்ணாலும் பார்த்து இரண்டாகப் பிளவுபடும் நிலை, போதும். வெள்ளையர் மிகுந்த பள்ளியில் கொச்சைச் சொல் ஒன்றும் வாயில் வராமல் காத்துக்கொள்ளும் கறுப்பின நாயகி ஸ்டார், தன் தெருவுக்குத் திரும்பியதும் வேறொருத்தியாகிறாள். நம் வீடுகளில் முகப்பில் ஒரு பேச்சு, வளவுக்குள் ஒரு பேச்சு இருப்பதைப் போல என்று வகுப்பில் சொல்வேன்.

கண்டனூர் வாசகி: ஐயா, முகப்பில் பேச்சு மாறினால் இங்கே யாரும் சுடுவதில்லையே! ஸ்டாரின் நண்பன் கலீலின் காரில் இருந்த தலைவாரும் பிரஷைக் காவலர் துப்பாக்கி என்று கருதி அவனைச் சுட்ட இடத்திலிருந்து தொடங்கலாம். ஒருவனைப் பார்க்கும் பார்வையே அவனுக்குத் தீர்ப்பாகிவிடுவதை விளக்காத கோட்பாடு இந்நாவலுக்குப் பயன்படாது.

காரைக்குடி மாணவி: அக்காட்சியை முதல் இயலாகவும், டு பாய்ஸை இரண்டாவதாகவும் வைக்கிறேன்.