சொந்தக் குதிரையில் மலைச் சவாரி: செலவுக்குத் தகுமா?

கேள்வி: தென்னாப்பிரிக்காவில், பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் இருக்கிறேன். வாடகைக் குதிரையில் போய்ப் பழக்கம். சொந்தமாக வாங்கலாமா அண்ணா?

பதில்: தாராளமாக வாங்குங்கள் தம்பி. மலையடிவார ஊரான அண்டர்பெர்க் பக்கம் எங்களிடம் இரண்டு பசூட்டோ குதிரைகள், லெசோத்தோ மலைநாட்டு இனம். உயரம் குறைவு, ஆனால் மலைப்பாதையில் கால் இடறாது. உம்சிம்குலு ஆற்றைக் கடக்கும்போது கடிவாளத்தைத் தளரவிடுவேன். என் செவலை தலையைத் தாழ்த்தி, தண்ணீரை முகர்ந்து, ஒவ்வொரு கல்லாகக் குளம்பால் தொட்டுப் பார்த்துத்தான் அடி வைக்கும். புல்லுக்குள் மான் இருந்தால் அதன் காது எனக்கு முன்பே திரும்பிவிடும். இப்படி ஒன்றையொன்று தெரிந்துகொள்வது வாடகைக் குதிரையில் வராது. அப்புறம், ஒரே ஒரு குதிரையை மட்டும் வாங்காதீர்கள். துணையில்லாமல் குதிரை ஏங்கிப்போகும்.

பதில்: அண்ணா சொல்வது சரி. ஆனால் கோடைக் கடைசியில் கவனம் வேண்டும். ஆப்பிரிக்கக் குதிரை நோய் சின்னக் கொசு போன்ற பூச்சியால் பரவும். தடுப்பூசி கட்டாயம். பூச்சி அந்தியிலிருந்து விடியும்வரை கடிக்கும், அதனால் பொழுது சாயுமுன் லாயத்தில் கட்டிவிடுங்கள். உறைபனி விழ ஆரம்பித்தால் பயம் குறையும். எனக்குப் பிடித்த சவாரிக் காலமும் அதுதான்: காய்ந்த புல், தெளிந்த வானம்.

கேள்வி கேட்டவர்: நன்றி அக்கா. லாயத்துக்கு இடம் பார்த்துவிட்டு வருகிறேன்.