கீழக்கரைக்காரங்க உதவி தேவை: பாட்டிமார் பார்த்த வேலைகள் பற்றி

எல்லாருக்கும் வணக்கம். ராமநாதபுரம் மாவட்டக் கடற்கரை ஊரான நம்ம கீழக்கரையில் அந்தக் காலத்தில் யார் என்ன வேலை பார்த்தார்கள் என்று தொகுத்துக்கொண்டிருக்கிறேன். ஆண்கள் பக்கம் தகவல் தாராளமாகக் கிடைக்கிறது. முத்துக்குளிப்பு, மன்னார் வளைகுடாவில் மூச்சடக்கி மூழ்கிச் சங்கு எடுத்தது, அந்தச் சங்கு வங்காளம் போய் வளையலானது, இலங்கையோடு நடந்த வியாபாரம், 17ஆம் நூற்றாண்டு வள்ளல் சீதக்காதி என்று நிறைய எழுதியிருக்கிறார்கள்.

பெண்கள் வேலைதான் சரியாகப் பதிவாகவில்லை. எனக்கு அது பெரிய குறையாகப் படுகிறது. பனங்குருத்தோலையைக் காயவைத்து, ஈர்க்கு நீக்கி, ஒரே அகலத்தில் கிழித்து, சாயம் தோய்த்து, மூலை பிசகாமல் பெட்டி முடைவது லேசுப்பட்ட வேலையா? தொதல் என்ற இனிப்பைக் கிண்டுவதும் அப்படித்தான், கை ஓயாமல் கிளறணும்.

உங்கள் உம்மா, பாட்டி, பக்கத்து வீட்டுப் பெரியவங்க யாராவது ஓலை முடைந்திருந்தால் கேட்டுச் சொல்லுங்களேன். ஓலை எங்கிருந்து வந்தது? கூலி பெட்டிக்கு இவ்வளவு என்றா? வியாபாரி வீட்டுக்கே வந்து வாங்கினாரா? சாயத்துக்கு என்ன போட்டார்கள்? சங்கை அறுப்பதிலோ தரம் பிரிப்பதிலோ பெண்கள் இருந்தார்களா?

பழைய ஓலைப்பெட்டி, கொட்டான் (சின்ன ஓலைக்கூடை) படம் இருந்தாலும் போடுங்க. பெரியவங்க பேசுவதைக் குரல்பதிவாக அனுப்பினால் இன்னும் நல்லது, நானே எழுதிக்கொள்கிறேன்.